கரேனினாக நடிப்பது யார்?

டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' நாவலை யாரோ புதிதாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், அன்னா யார், அவள் காதலன் விரான்ஸ்கி யார் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். போஸ்டரிலும் அந்த இரண்டு பேர்தான் இருப்பார்கள். பின்னால் கொஞ்சம் பனி, கொஞ்சம் ரயில் புகை. நான் தேடுவது போஸ்டரில் இடம் கிடைக்காத மூன்றாவது ஆளை. கணவன் கரேனின் வேடத்துக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், எடுப்பவர் நாவலை எப்படிப் படித்திருக்கிறார் என்பது பாதி விளங்கிவிடும்.

தொலைக்காட்சிக்காரர்கள் இந்த வேடத்தைச் சும்மா யாருக்கோ கொடுத்துவிடவில்லை. 1977-ல் பிபிசி பத்து வாரத் தொடராக எடுத்தபோது எரிக் போர்ட்டர். 1985-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த படத்தில் 'சூப்பர்மேன்' கிறிஸ்டோபர் ரீவ்தான் விரான்ஸ்கி. கரேனினாக வந்தவரோ ஆங்கில நாடக மேடையின் ஜாம்பவான் பால் ஸ்கோஃபீல்ட். 2000-ல் சேனல் 4 எடுத்த நான்கு பகுதித் தொடரில் ஸ்டீபன் டிலேன். செர்கேய் சொலவ்யோவ் எடுத்து 2009-ல் வெளிவந்த ரஷ்ய வடிவத்தில் ஒலெக் யன்கோவ்ஸ்கி. மனைவியைவிட இருபது வயது மூத்த, காது விடைத்த, விரலைச் சொடுக்கிக்கொண்டே பேசுகிற ஒரு அரசு அதிகாரி. அந்த வேடத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய நடிகர்கள்?

காரணம் நேரம்தான். நாவல் எட்டுப் பாகம். இரண்டு மணி நேரத் திரைப்படமாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது நாவலின் இன்னொரு நாயகனான லெவினின் கதை: வயல், அறுவடை, கிட்டியோடு அவன் திருமணம். அடுத்து வெட்டுப்படுவது அன்னாவும் விரான்ஸ்கியும் இல்லாத அறைகள். அதாவது, கரேனின் தனியாக இருக்கும் காட்சிகள். அவை போய்விட்டால் மிஞ்சுவது காதலர்கள், ஒரு முட்டுக்கட்டை, கடைசியில் அன்னா விழுந்து சாகும் ஒரு ரயில். அந்த முட்டுக்கட்டைக்குக் 'கணவன்' என்று பெயர், அவ்வளவுதான்.

1927-ல் கிரெட்டா கார்போ நடித்த மௌனப் படமான 'லவ்' இதை உச்சத்துக்கே கொண்டுபோனது. அமெரிக்கத் திரையரங்குகளுக்கென்று தனியாக ஒரு முடிவு எடுத்தார்கள்: கரேனின் இறந்துபோகிறார், பிரிந்த காதலர்கள் சில ஆண்டு கழித்துச் சேர்கிறார்கள், சுபம்! புருஷன் ஒழிந்தால் பிரச்சினை ஒழிந்தது என்ற கணக்கு. (தமிழிலும் இந்த நாவலை விட்டுவைக்கவில்லை. 1953-ல் டி.ஆர். ராஜகுமாரி நடித்து, எம்.ஜி.ஆரும் இருந்த 'பணக்காரி' இதைத் தழுவியதுதான்.)

நாவலில் வெட்டுப்படும் அந்த அறைகளில் என்ன நடக்கிறது? இரண்டாம் பாகத்தில் ஒரு இரவு. விருந்து வீட்டில் அன்னாவும் விரான்ஸ்கியும் தனியாக உட்கார்ந்து பேசியதை ஊரே கவனித்திருக்கிறது. கரேனின் மட்டும் முன்னதாக வீடு திரும்பி, படுக்காமல், அறை அறையாக நடக்கிறார். ஒற்றை விளக்கு எரியும் சாப்பாட்டு அறை, இருட்டான வரவேற்பறை, மனைவியின் அறை, படுக்கையறைக் கதவு; அங்கிருந்து திரும்பி மறுபடியும். அவள் வந்ததும் என்ன பேச வேண்டும் என்பதை மனத்துக்குள் அலுவலகக் குறிப்பு மாதிரி வரிசைப்படுத்துகிறார். முதலாவது, ஊர் என்ன சொல்லும். இரண்டாவது, திருமணத்தின் புனிதம். மூன்றாவது, மகனுக்கு வரக்கூடிய தீங்கு. நான்காவது, அவளுக்கே வரக்கூடிய துன்பம். பேச்சு தயாராகிவிட்டது. விரல்களைக் கோத்துச் சொடக்கெடுக்கிறார். அன்னா படியேறி வருகிறாள், எதுவுமே நடக்காதவள்போலப் பேசுகிறாள், அவர் தயாரித்தது அத்தனையும் வீணாகிறது.

இதில் கதை நகரவே இல்லை. திரைப்படத்தின் கண்ணில் இது கத்தரிக்க வேண்டிய இடம். வாரம் ஒரு மணி நேரம் கையில் இருக்கும் தொடருக்கோ இது வரம். ஒரு மனிதன், ஒரு விளக்கு, ஒரு முகம். செலவும் இல்லை.

பார்க்கப்போனால் இந்த நாவல்கள் பிறந்ததே தொடராகத்தான். 'அன்னா கரேனினா' 1875 முதல் 1877 வரை 'ருஸ்கி வெஸ்ட்னிக்' என்ற மாத இதழில் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1868-ல், தாஸ்தாயெவ்ஸ்கியின் 'இடியட்' தொடங்கியதும் அதே இதழில்தான். ஆசிரியர் மிகயீல் கத்கோவ். இன்றைய கணக்கில் சொன்னால் சேனல் தலைவர். எந்தக் கதைக்கு எவ்வளவு இடம், எது போகலாம், எது கூடாது என்று முடிவு செய்பவர். அவர் பின்னால் வருவார், அதற்குமுன் சட்டம்.

சட்டம் தெரியாவிட்டால், அன்னா விவாகரத்து வாங்கிக்கொண்டு விரான்ஸ்கியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். பல வடிவங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வருபவர்களுக்கு இந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. ஜார் காலத்து ரஷ்யாவில் திருமணமும் விவாகரத்தும் திருச்சபையின் கையில் இருந்தன. நான்காம் பாகத்தில் கரேனின் போய்ப் பார்க்கும் வக்கீல் வழிகளை அடுக்குகிறார்: உடற்குறை, ஐந்து ஆண்டு தகவலே இல்லாமல் காணாமல் போவது, கள்ள உறவு. மூன்றாவதை நிரூபிக்கக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். கடிதங்கள் மட்டும் போதாது. குற்றவாளி என்று தீர்ப்பானவர் மறுமணம் செய்யவும் முடியாது. ஆக, உண்மையைச் சொல்லி வழக்குப் போட்டால் அன்னா விரான்ஸ்கியை மணக்க முடியாது, மகனையும் இழப்பாள். அவள் விடுதலையாக ஒரே வழி, தவறே செய்யாத கணவன் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பொய் சொல்வது.

அந்த வக்கீல் காட்சி டால்ஸ்டாயின் குறும்பு உச்சத்தில் இருக்கும் இடம். அறையில் அந்துப்பூச்சிகள் பறக்கின்றன. வக்கீல் சடாரென்று கையை வீசி ஒன்றைப் பிடிக்கிறார். எதிரே ஒரு மனிதனின் குடும்பம் சிதைந்துகொண்டிருக்கிறது. இவர் கண் பூச்சிமேல். இன்னொரு பூச்சி மூக்குக்கு நேரே போகிறது, கை துடிக்கிறது, கட்சிக்காரரின் நிலைமைக்கு மரியாதை கொடுத்து அடக்கிக்கொள்கிறார். மேசை நாற்காலிக்கெல்லாம் வெல்வெட் உறை போட்டுவிட வேண்டும் என்ற யோசனை வேறு. இந்த ஐந்து நிமிடத்தை ஒரு தொடர் வைத்துக்கொண்டால் போதும், அன்னாவின் கழுத்தில் எந்தக் கயிறு கிடக்கிறது என்று பார்வையாளருக்கு விளங்கிவிடும்.

1977 பிபிசி தொடருக்கு வருவோம். எழுதியவர் டொனால்ட் வில்சன். பத்து ஆண்டுக்கு முன் 26 வாரம் ஓடிய 'ஃபோர்சைட் சாகா'வைத் தயாரித்தவரும் அவர்தான். சோவியத் ஒன்றியம் வாங்கிய முதல் பிரிட்டிஷ் தொடர் அது. அதிலும் எரிக் போர்ட்டர்தான் விரும்பப்படாத கணவன், சோம்ஸ். பணமும் சொத்துணர்வும் உள்ளவன், மனைவியைப் பலாத்காரம் செய்கிறவன். அந்த முகத்தை வெறுத்துப் பழகிய பார்வையாளர்களுக்கு முன்னால் அதே முகத்தைக் கரேனினாகக் கொண்டுவந்து நிறுத்தியது தற்செயலாக இருந்தாலும் சரி, திட்டமாக இருந்தாலும் சரி, பலன் பெரிது. மன்னிக்கவே தெரியாது என்று நாம் முடிவு கட்டிய முகம், பிரசவ ஜன்னியில் கிடக்கும் மனைவியின் கட்டிலருகே நொறுங்குகிறது. விரான்ஸ்கியின் கையைப் பிடிக்கிறது.

இன்றைய கண்ணுக்கு அந்தத் தொடரில் குறைகள் உண்டு. உள்ளறைக் காட்சிகள் ஸ்டுடியோவில் வீடியோவிலும், வெளிப்புறம் ஃபிலிமிலும் எடுப்பது அக்கால பிபிசி வழக்கம். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வெளிச்சமே மாறிவிடும். பீட்டர்ஸ்பர்க் மாளிகையின் கூடத்தில் நாலு பேர் நடந்தால் இடம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த நெருக்கடியில் கேமராவுக்கு முகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அன்னாவாக நிக்கோலா பேஜட், கரேனினாக போர்ட்டர். இரண்டு பேரும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

குதிரைப் பந்தயக் காட்சியை ஒவ்வொரு வடிவத்திலும் கவனித்துப் பாருங்கள். எடுப்பவரின் நாட்டம் அதில் தெரிந்துவிடும். விரான்ஸ்கி சேணத்தில் தவறாக உட்கார்ந்து தன் குதிரையின் முதுகை உடைக்கிறான். காசு உள்ளவர்கள் கேமராவைக் குதிரைகளோடு ஓடவிடுகிறார்கள். டால்ஸ்டாயின் நாவலில் இதே பந்தயம் இரண்டு முறை நடக்கிறது. ஒருமுறை சேணத்தின் மேலிருந்து, மறுமுறை பார்வையாளர் மேடையிலிருந்து. மேடையில் கரேனின் பந்தயத்தைப் பார்க்கவே இல்லை. அன்னாவின் முகத்தைப் பார்க்கிறார். விரான்ஸ்கி விழுந்ததும் அவள் கட்டுப்பாடு இழந்து தடுமாறுகிறாள். மற்றவர்கள் பார்வை படாதபடி அவர் தன் உடம்பால் மறைத்து நிற்கிறார், மூன்று முறை கை நீட்டுகிறார். மானத்தைக் காப்பாற்றும் சடங்கா, அன்பா? இரண்டையும் பிரிக்க முடியாத இடத்தில்தான் டால்ஸ்டாய் அவரை நிறுத்தியிருக்கிறார். குதிரையை மட்டும் காட்டும் வடிவத்தில் இது அப்படியே கைநழுவிப் போகிறது.

மன்னித்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் முக்கியம். அன்னாவுக்கும் விரான்ஸ்கிக்கும் பிறந்த பெண் குழந்தையைக் கரேனின் ஒரு நாளைக்குப் பலமுறை போய்ப் பார்க்கிறார். அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் அது செத்தே போயிருக்கும் என்று டால்ஸ்டாய் எழுதுகிறார். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு விவாகரத்து தரவும் அந்த வேளையில் சம்மதிக்கிறார். அன்னா அதை வாங்கிக்கொள்ளாமலே விரான்ஸ்கியோடு இத்தாலிக்குக் கிளம்பிவிடுகிறாள். பிறகு அவளே கேட்டு எழுதும்போது மனிதர் மாறிவிட்டார்: லிதியா இவனோவ்னா சீமாட்டியின் பக்திக்குள் அடைக்கலமாகி, லாந்தோ என்ற பிரெஞ்சுக் குறிகாரன் தூக்கத்தில் உளறுவதைக் கேட்டு, முடியாது என்று மறுக்கிறார். இரக்கப்பட்ட காலத்தில் அவள் வாங்கவில்லை. அவள் வேண்டியபோது அவரிடம் இரக்கம் இல்லை. துயரத்தின் அச்சாணி இந்தத் தப்பிய நேரத்தில்தான் இருக்கிறது. இதற்கிடையில் அந்தக் குழந்தை சட்டப்படி கரேனினின் மகள். பெற்ற தகப்பனான விரான்ஸ்கி அதை அன்னாவின் அண்ணி டாலியிடம் சொல்லிப் புலம்புகிறான். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு காட்சி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் எங்கே வைப்பது?

மூன்றாவது ஆள் கெட்டவனாகவே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. 'டாக்டர் ஷிவாகோ'வில் கொமரோவ்ஸ்கி. பாஸ்டர்நாக்கின் நாவல் 1957-ல் இத்தாலியில் வெளியாகி, அடுத்த ஆண்டு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு, நெருக்குதலால் அவர் அதை மறுத்து, சோவியத் வாசகர்கள் கைக்கு 1988-ல் 'நோவி மீர்' இதழ் வழியாகத்தான் வந்தது. அதற்குள் உலகம் 1965-ல் டேவிட் லீன் எடுத்த படத்தை நாவலாகவே நினைக்கப் பழகிவிட்டது: பனி, பலலைக்கா வாத்தியம், இரு காதலர்.

2002-ல் பிரிட்டனின் ஐடிவிக்காக ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிய தொடரில் ஷிவாகோவின் காதலி லாராவாக நடித்த கீரா நைட்லிக்கு அப்போது வயது 17 வாக்கில்தான். கொமரோவ்ஸ்கியாக வந்த சாம் நீல் ஐம்பதைத் தாண்டியவர். பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண்ணையும், அவள் அம்மாவின் ஆதரவாளராக வீட்டுக்குள் புழங்கும் வக்கீலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், அதை 'உறவு' என்று நாசூக்காகச் சொல்லிக் கடக்க முடியாது. நாவலில் அது என்னவோ, திரையிலும் அதுவாகவே தெரிந்தது. 2006-ல் அலெக்சாந்தர் ப்ரோஷ்கின் இயக்கத்தில், யூரி அரபோவ் எழுதி, 11 பகுதிகளாக ரஷ்யாவிலேயே இந்த நாவல் முதன்முதலாகப் படமானபோது கொமரோவ்ஸ்கி யார் தெரியுமா? யன்கோவ்ஸ்கி! பிறகு கரேனினாகவும் வந்தவர். கொமரோவ்ஸ்கி லாராவின் இளமையைக் கெடுத்தவன் மட்டுமல்ல. ஷிவாகோவின் தகப்பன் ஓடும் ரயிலிலிருந்து குதித்துச் சாகும்போது கூட வந்த வக்கீலும் அவன்தான். கடைசியில் லாராவை ஷிவாகோவிடமிருந்து கிழக்கே கூட்டிப்போகிறவனும் அவன்தான். கதையின் இரண்டு முனையும் அவன் கையில் இருக்கிறது.

என் கணக்கில் எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது விளதீமிர் போர்த்கோ 2003-ல் எடுத்த 'இடியட்'. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் 'அசடன்' என்று தமிழ் வாசகர்கள் அறிந்த அதே நாவல். தொண்ணூறுகளின் ரஷ்யத் தொலைக்காட்சியில் லத்தீன் அமெரிக்க அழுகைத் தொடர்கள் கொடிகட்டிப் பறந்தன; பிறகு தாதாக்கள் வந்தார்கள். போர்த்கோவே 2000-ல் 'பண்டித்ஸ்கி பீட்டர்ஸ்பர்க்' என்ற தாதா தொடரை இயக்கியவர்தான். அவர் பத்துப் பகுதிகளில் தாஸ்தாயெவ்ஸ்கியை, உரையாடலைப் பெரும்பாலும் கைவைக்காமல், முக்கிய நேரத்தில் ஒளிபரப்பும்படி எடுத்தார். நாடே உட்கார்ந்து பார்த்தது, புத்தகமும் விற்றது. அடுத்த ஆண்டு சோல்ஜெனிட்சின் பரிசு அவருக்கும், நாயகன் மிஷ்கினாக நடித்த யெவ்கேனி மிரோனோவுக்கும் கிடைத்தது. எழுத்தாளர்களுக்குப் போகும் பரிசு ஒரு தொடருக்குப் போனது சாதாரண விஷயமில்லை.

இதற்கு முன் 1958-ல் இவான் பீரியெவ் இதைத் திரைப்படமாக எடுத்தார். ஆனால் முதல் பாகத்தை மட்டும். நாயகி நஸ்தாசியா ஃபிலிப்போவ்னா ஒரு லட்சம் ரூபிள் கட்டை நெருப்பில் எறிகிறாள், பணத்துக்காக அவளைக் கட்ட நினைத்த கான்யா மயங்கி விழுகிறான். அந்த அமர்க்களத்தோடு சரி. மிச்சத்தை அவர் எடுக்கவே இல்லை. திரைப்படத்துக்கு அதுதான் இயல்பான இடைவேளை என்றுகூடச் சொல்லலாம். மிச்சமிருக்கும் மூன்று பாகங்களில்தான் காதல் மெல்ல மெல்ல முறுக்கிக்கொள்கிறது. மிஷ்கினும், நஸ்தாசியாவைக் காதலிக்கும் இன்னொருவனான ரகோஷினும் சிலுவையை மாற்றிக்கொண்டு சகோதரர்களாகிறார்கள். பிறகு அதே ரகோஷின் கத்தியோடு வருகிறான். போர்த்கோவின் தொடரில் விளதீமிர் மாஷ்கோவின் ரகோஷின் வில்லன் இல்லை, காய்ச்சல்காரன்.

கடைசிக் காட்சியில் தான் கொன்ற நஸ்தாசியாவைச் சுற்றி ரகோஷின் மெழுகுத்துணி போட்டு மூடியிருக்கிறான், வாடை வராமல் இருக்க நான்கு குப்பி மருந்துநீர் திறந்து வைத்திருக்கிறான், ஒரு ஈ ரீங்காரமிட்டுப் போய்த் தலையணைப் பக்கம் உட்காருகிறது. இரண்டு ஆண்கள் பக்கத்தில் படுத்து விடியும்வரை காத்திருக்கிறார்கள். உலக இலக்கியத்தில் ஒரு பெண்ணைக் காதலித்த இரண்டு பேருக்கு இப்படி ஒரு இரவு வேறு யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஒன்பது பகுதி ரகோஷினோடு பழகியிராவிட்டால் இந்தப் பத்தாவது வெறும் துப்பறியும் கதையின் முடிவு.

இப்போது கத்கோவ். 1877-ல் 'அன்னா கரேனினா'வின் எட்டாம் பாகத்தை அச்சிட அவர் மறுத்துவிட்டார். செர்பியப் போருக்குக் கிளம்பிய ரஷ்யத் தொண்டர்களை டால்ஸ்டாய் மட்டம் தட்டியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நாயகி இறந்ததோடு நாவல் முடிந்துவிட்டது என்று ஒரு குறிப்பு எழுதி, மிச்சத்தைச் சில வரிகளில் சுருக்கிப் போட்டார். டால்ஸ்டாய் கொதித்துப்போய் அந்தப் பாகத்தைத் தனிப் புத்தகமாக அச்சடித்தார். அந்தச் சண்டையில் இலக்கிய வரலாறு டால்ஸ்டாய் பக்கம். திரை வரலாறோ பெரும்பாலும் கத்கோவ் பக்கம். ரயில் வந்ததும் திரை விழுந்துவிடுகிறது. எட்டாம் பாகத்தில்தான், விரான்ஸ்கியின் தாயார் வாயால், கரேனின் இறுதிச் சடங்குக்கு வந்ததும் அந்தப் பெண் குழந்தையைத் தன்னோடு கூட்டிப்போனதும் நமக்குத் தெரிகிறது. வெட்டினால் கணவனின் கதைக்கு முடிவே கிடையாது.

கரேன் ஷக்நசாரோவ் 2017-ல் ரஸ்ஸியா-1 சேனலுக்கு எடுத்த எட்டுப் பகுதித் தொடர் இங்கேதான் சுவாரசியமாகிறது. 1904, ரஷ்ய–ஜப்பானியப் போர், மஞ்சூரியா. போர்க்கள மருத்துவமனையில் டாக்டராக இருப்பவர் அன்னாவின் மகன் செர்கேய் கரேனின்; காயத்தோடு வந்து படுப்பவர் விரான்ஸ்கி. அம்மா ஏன் செத்தாள் என்று மகன் கேட்க, கதை பின்னோக்கிப் போகிறது. இந்தப் போர்ப் பகுதி டால்ஸ்டாயுடையது இல்லை. அந்தப் போரில் டாக்டராக இருந்த விகேந்தி வெரெசாயெவின் எழுத்திலிருந்து எடுத்தது. லெவினை முழுக்கத் தூக்கிவிட்டார்கள். அன்னாவாக எலிசவேத்தா பயார்ஸ்கயா, விரான்ஸ்கியாக மக்சிம் மத்வேயெவ். தொடர் எடுத்தபோது நிஜத்திலும் கணவன் மனைவி.

கேட்கிறவன் யார் என்பதில்தான் இந்த யோசனையின் பலம். அவன் கரேனினிடம் வளர்ந்தவன். ஆனால் சொல்கிறவன் காதலன் ஆகிவிட்டதால், விதாலி கிஷ்சென்கோவின் கரேனின் எதிராளி சொல்லும் கதைக்குள் மாட்டிக்கொள்கிறார். விரான்ஸ்கி இல்லாத அறைகளும் காட்டப்படுகின்றன, அவற்றில் கிஷ்சென்கோ நன்றாகவே நிற்கிறார். இருந்தாலும் மகன் தன் தகப்பனைப் பற்றித் தானே ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று தவிப்பாக இருக்கிறது. அந்த டாக்டரின் நினைவிலிருந்து இதே எட்டுப் பகுதிகளை எடுத்திருந்தால் வேறு ஒரு தொடர் கிடைத்திருக்கும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், போர்த்கோவின் 'இடியட்'டில் தொடங்கச் சொல்வேன். முதல் பகுதியின் ரயில் பெட்டியிலேயே மிஷ்கினும் ரகோஷினும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள், காத்திருக்க வேண்டியதில்லை. 1977 'அன்னா'வுக்குப் பொறுமை வேண்டும். ஸ்டுடியோச் சுவர்களுக்குக் கண் பழக இரண்டு பகுதி ஆகும்.